அடைக்கற்க

என் மேசைமேல் ஒரு தகரத் துண்டு கிடக்கிறது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், ஐந்து விரல் அகலம். தேயிலைப் பெட்டிகளின் விளிம்புக்கு அடிக்கிற தகரம்தான். பெட்டிகளுக்கு அடையாளம் போடும் கறுப்புப் பெயிண்டால் அதில் இரண்டு வரி எழுதியிருக்கிறது. மூன்று மூலைகளில் திருகாணித் துளைகள் உண்டு. நாலாவது மூலையே கிடையாது, அதை பேட்டரி ஆசிட் தின்றுவிட்டது. அட்டனில் இருக்கும் என் வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று சொல்வேன். அது பொய்யில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்தவனுக்கு முழுப் பொய் சொல்ல வேண்டிய தேவை வருவதில்லை. கோப்பில் எந்தத் தாளை மேலே வைத்தால் எந்தத் தாள் கண்ணில் படாது என்பது தெரிந்தால் போதும்.

அந்தத் தகரம் எங்கள் தோட்டத்து மருத்துவிச்சி அம்மாவின் லாரியில் இருந்தது. முறைப்படி பார்த்தால் லாரி தோட்டத்துக்குச் சொந்தம், ஸ்டோர் பொறுப்பில் இருந்தவன் என்ற வகையில் அது என் புத்தகத்தில் இருந்த சாமான். ஆனால் மலையில் யாரைக் கேட்டாலும் 'மருத்துவிச்சி அம்மா லாரி' என்றுதான் சொல்வார்கள். அவர் நோர்வூட் பக்கத்திலிருந்து வந்தவர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளைச் சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளிக் கோட்டு, கையில் கறுப்புத் தோல் பை, காலில் யாரோ துரைசாணி விட்டுப்போன ரப்பர் பூட்ஸ். என்னைக் 'கிளாக்கர் ஐயா' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'ஐயா'வில் எழுத்துக்கு உரிய மரியாதை எல்லாம் இருக்கும். குரலில் இருக்கிறதா என்று தேடக்கூடாது.

எங்கள் தோட்டம் கந்தப்பளைக்கு மேலே இருந்தது. தொழிற்சாலையும் ஆபீசும் மருந்து கொடுக்கும் காம்பராவும் கீழே, மேற்பிரிவு ஐந்து மைல் ஏற்றத்தில். மழை பிடித்தால் அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களிலிருந்து நோயாளியை இறக்க ஒரே வழிதான்: கம்பளியைக் கம்பில் தொட்டில்போலக் கட்டி, நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கி வருவது. ஒரு மழைக்காலத்தில் அப்படித் தூக்கிவந்த பிள்ளைத்தாய்ச்சிகள் இரண்டு பேர் பாதி வழியிலேயே போய்விட்டார்கள். இரண்டாமவளின் சவத்தை ஆபீஸ் வாசலிலேயே இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு மருத்துவிச்சி அம்மா நேராகத் துரையின் அறைக்குள் போனார். உள்ளே போக முதலில் என்னிடம் சொல்ல வேண்டும் என்பது நடைமுறை. சொல்லவில்லை. வெளியே வந்தபோது, "பழைய கொழுந்து லாரியைத் தர்றேன்னுட்டாருங்க துரை. அதைப் பிரசவக் காம்பரா ஆக்கித் தரணும். நான் மேலேயே தங்கிக்கிறேன்," என்றார். அந்த லாரி யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விற்றுப்போனது. புது லாரி வந்தபின் கொட்டகைக்குள் கோழிகள் அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

வேலையைச் செய்தவர் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். சிங்களவர், கைவேலைக்காரரைச் சிங்களத்தில் அழைக்கிறபடி எல்லாரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். பின்பக்கத்துக்குப் பலகையால் கூண்டு கட்டி, வெளியே தகரம் அடித்து, உள்ளே இரண்டு கட்டில், ஒரு மேசை, கை கழுவ ஒரு தொட்டி, பின்னால் ஏறி இறங்க மூன்று படி. கூரைக்கு உட்புறம் தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாளை ஒட்டினார், உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாதாம். இரண்டு வாரத்தில் கோழிகள் பார்த்தால் அடையாளம் தெரியாத அளவுக்கு அது மாறிவிட்டது. மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு. விளக்குக்கு பேட்டரிகளை எங்கே வைப்பது, குளிருக்கு அடுப்பை எங்கே வைப்பது. இந்த இரண்டிலும் எனக்குக் கருத்து இருந்தது. கருத்து இல்லாத விஷயம் என்று எனக்கு அந்த நாளில் எதுவும் இருந்ததில்லை.

பேட்டரிகள் கட்டிலுக்குக் கீழே, பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்க வேண்டும் என்றேன். ஸ்டோர் சாமான் வெளியே தொங்கக்கூடாது என்பது விதி. தவிர, குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும், உள்ளே இருந்தால் கதகதப்பாக இருக்கும் என்று ஒரு புத்தகத்திலும் படித்திருந்தேன். பாஸ் தலையைச் சொறிந்துகொண்டு, "சார்ஜ் ஏத்தி வந்த கையோட அது கேஸ் விடும், ஐயா. பக்கத்துல நெருப்பு. ஒருநாள் கட்டிலோட மேல போகலாம், பாதைச் செலவு இல்ல," என்றார். மருத்துவிச்சி அம்மா அவரைவிடச் சுருக்கமாகப் பேசினார். "பச்சப்புள்ள மூச்சு விடற இடத்துல ஆசிட் வாடை வேணாங்க, ஐயா." கடைசியில் லாரியின் அடிச்சட்டத்தில், பின் சக்கரத்துக்கு முன்னால் இரும்புப் பெட்டி செய்து நாலு பேட்டரிகளையும் வெளியே தொங்கவிட்டார்கள். தோற்றவன் சும்மா இருக்கலாமா? பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி, அந்தச் சாவி ஆபீஸ் பலகையில் என்று எழுதிக் கொடுத்தேன். "பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும்னா ஒவ்வொரு தரமும் அஞ்சு மைல் எறங்கி வரணுமாங்க?" என்று கேட்டார். படிவம் நிரப்பி அனுப்பினால் ஆள் மூலம் சாவி வரும் என்றேன். "தலை தெரியிற நேரத்துல வெளக்கு மங்குனா, புள்ளைக்கும் ஒரு படிவம் குடுத்து, கொஞ்சம் பொறுன்னு சொல்லிடுறேங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பாஸ் அன்றே இன்னொரு சாவி அறுத்து அவரிடம் கொடுத்துவிட்டார் என்பது எனக்குத் தெரிய ஆறு வருடம் ஆயிற்று.

அடுப்பு விஷயத்தில் நான் ஜெயித்தேன். துரை அதை 'ஹீட்டர்' என்பார். இடுப்பளவு உயரத்தில் ஒரு சிறு இரும்பு உருளை, கீழே சாம்பல் தட்டு, மேலே தேயிலை காயவைக்கும் இயந்திரத்தின் கழித்த குழாயில் செய்த புகைபோக்கி. எரிப்பது மரக்கரி. கரிக்குப் புகையும் கிடையாது, வாடையும் கிடையாது. அதனால்தான் அதைத் தேர்ந்தோம். பாஸ் அடுப்புக்கு நேர் கீழே தரைப் பலகையில் ஒரு துளை போட்டு வலை அடிக்க வேண்டும் என்றார். "அடுப்பு கரி மட்டும் தின்னாது, ஐயா. காத்தும் தின்னும். காத்து குடுக்காட்டி நம்மட காத்தைத் தின்னும்." லாரியின் தரையில் துளை போட்டால் வருடப் பரிசோதனைக்கு வரும் அதிகாரி கேள்வி கேட்பார், சுவரில் போடு என்றேன். அப்படி ஒரு விதி உண்மையிலேயே உண்டா என்று பிற்பாடு தேடிப் பார்த்தேன். இல்லை. ஆனால் நான் சொல்கிற தொனியில் யாருக்கும் அது இருப்பதாகத்தான் தோன்றும். பாஸ் பெருமூச்சு விட்டு, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை போட்டார். கைக்கு எட்டுகிற இடம். குளிர் காற்று உள்ளே வருவது காலில் தெரிகிற இடம்.

அங்கே ஒரு அறிவிப்பு வேண்டும் என்று மருத்துவிச்சி அம்மாதான் சொன்னார். பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக்கூடாது என்பது மலையில் எல்லா லயத்திலும் உள்ள வழக்கம். காதில் பஞ்சு, தலையில் துணி, கதவு சாத்தி, சன்னல் இருந்தால் அதற்குச் சாக்கு. துளையைப் பார்த்தால் அடைக்கத்தான் கை போகும். "நான் இருந்தா பாத்துக்குவேன். இல்லாத நேரத்துக்கு எழுதி வைங்க, ஐயா. அடைக்காதே, அவ்வளவுதான்," என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். 'அடைக்காதே' என்பது வீட்டில் பிள்ளையை அதட்டுகிற பேச்சு, தோட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு அப்படி இருக்கலாமா? கொட்டகலைக் கடைவீதியில் ஜவுளி விற்றவர் மகனான எனக்கு, பள்ளிக்கூடத்தில் இலக்கணம் கற்பித்த ஆசிரியர் வியங்கோள் வினைமுற்றை நன்றாகவே ஊட்டியிருந்தார். செய்க என்றால் செய். செய்யற்க என்றால் செய்யாதே. தேயிலைப் பெட்டிப் பெயிண்டை எடுத்து, என் கையாலேயே, அச்சில் வார்த்தது போல எழுதினேன். முதல் வரி: இத்துளையை எக்காரணங்கொண்டும். இரண்டாம் வரி, கையொப்பம் வைக்கும் இடம்போல வலது ஓரத்தில் தள்ளி: அடைக்கற்க.

மருத்துவிச்சி அம்மா அதை இரண்டு தரம் படித்தார். "இது யாருக்கு ஐயா?" என்றார். படிக்கத் தெரிந்தவர்களுக்கு என்றேன். "படிக்கத் தெரிஞ்சவங்க அடைக்க மாட்டாங்களே. தெரியாதவங்கதானே அடைப்பாங்க," என்றார். நல்ல தமிழ் அவர்களும் பழகட்டுமே என்று சொன்னேன். பாஸ், எழுத்தைப் பார்த்து, தனக்குப் புரியாவிட்டாலும் அழகாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே நாலு திருகாணி போட்டு முடுக்கினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

லாரி மேற்பிரிவுக்குப் போய், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் கல் அண்டை கொடுத்து நின்றது. வாரம் ஒருமுறை பேட்டரிகளை இறக்கித் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து சார்ஜ் ஏற்றி அனுப்புவோம். முதல் பிள்ளை அதில் பிறந்தபோது தொழிலாளர்கள் லாரிக்குச் சூடம் காட்டி, முன்னால் தேங்காய் உடைத்தார்கள். பெண்கள் தங்களுக்குள், "லயத்துல பெத்தியா, லாரியில பெத்தியா?" என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது வந்துவிட்டது. மழைக்காலம் ஒன்று போயிற்று. கம்பளியில் யாரையும் தூக்கி வரவில்லை. துரை கொழும்புக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பெருமையாகக் குறிப்பிட்டார். கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். நடைமுறைகள் சரியாக இருந்தால் எதுவும் சரியாக நடக்கும் என்று ஒரு வரியை நானே சேர்த்தேன், துரை அதை அடிக்கவில்லை.

அடுத்த மழையில் அது நடந்தது. தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிற ஒருவரின் மனைவிக்குத் தலைப்பிள்ளை. விடிந்து கொஞ்ச நேரத்தில் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது. தாயைக் கட்டிலில் படுக்கவைத்து, குழந்தையைக் கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் சேலைத் தொட்டில் கட்டிக் கிடத்திவிட்டு, மருத்துவிச்சி அம்மா பக்கத்து லயத்தில் காய்ச்சலாய்க் கிடந்த இன்னொருத்தியைப் பார்க்கப் போனார். துணைக்கு இருந்தவள் நாத்தனார், அதாவது அந்த மனிதரின் அக்கா. வெளியே மழையும் பனியும், உள்ளே கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. துளை வழியாகச் சில்லென்று காற்று வந்தது. அக்கா தம்பியைப் படியில் ஏறச் சொல்லி, "ஓட்டையில வாடைக்காத்து அடிக்குதே, பச்ச ஒடம்புக்கு ஆகுமா? என்னமோ எழுதியிருக்கே, என்னான்னு பாரு," என்றிருக்கிறாள். அவர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவர். குனிந்து, விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். இ-த்-து-ளை-யை. எ-க்-கா-ர-ணங்-கொண்-டும். அ-டை-க்-க. அதற்குப் பிறகு இருந்த இரண்டு எழுத்துக்கு அவர் அறிந்த உலகத்தில் அர்த்தம் கிடையாது. ஆபீஸ் எழுத்துக்கு வால் இருப்பது வழக்கம் என்று நினைத்திருப்பார். "அடைக்கச் சொல்லித்தான் போட்டிருக்கு அக்கா. என்னா காரணம் இருந்தாலும் அடைக்கணுமாம்." கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அக்கா அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் அதை மடித்து, துளைக்குள் இறுக்கித் திணித்தார். மனைவி தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, அக்கா பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயமருந்து அரைக்கவும் தம்பி தண்ணீர் சுமக்கவும் லயத்துக்குப் போனார்கள்.

மருத்துவிச்சி அம்மா திரும்பி வந்தபோது உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. தாய் எழுந்து எடுக்கவில்லையே என்றுதான் முதலில் கோபம் வந்ததாம். கதவைத் திறந்து, துளையில் சாக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அடுப்பு உள்ளே இருந்த காற்றைத் தின்றிருந்தது. பெண்ணை இழுத்து மழையில் கிடத்தி, வாயில் வாய் வைத்து ஊதியிருக்கிறார், மார்பை அழுத்தியிருக்கிறார். அரை மணி நேரம், சேலையெல்லாம் சேறு. பயனில்லை. கதவின் அடியில் பாஸ் சரியாக இழைக்காமல் விட்ட ஒரு விரல் இடுக்கு, தொட்டிலுக்கு நேராக இருந்தது. அந்தக் குறையால்தான் குழந்தை பிழைத்தது. சரியாகச் செய்த எதனாலும் அல்ல.

செய்தி மத்தியானம் ஆபீசுக்கு வந்தது. இயற்கையல்லாத மரணம், மரண விசாரணை அதிகாரி மறுநாள் வருவார் என்று துரை சொன்னார். யாருக்கு அறிவிக்க வேண்டும், எந்த இடத்தைப் பூட்ட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் செய்தேன். அந்த மனிதர் என்ன படித்தார் என்பதைச் செய்தி கொண்டுவந்த ஆள் வாயாலேயே கேட்டிருந்தேன். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக மேலே போய், லாரியை நானே பூட்டியிருந்த பூட்டை நானே திறந்து, அந்தத் தகரத்தைக் கழற்றினேன். கையோடு கொண்டுபோயிருந்த இன்னொரு தகரத்தில் 'அடைக்காதே' என்று எழுதி, அதே துளைகளில் திருகினேன். பழையதை எங்கே ஒளிப்பது? சட்டைக்குள் வைக்க முடியாத நீளம். தோட்டத்தில் ஒரே ஒரு சாவி மட்டும் உள்ள இடம், அந்தச் சாவியும் என் கையில் இருக்கும் இடம், பேட்டரிப் பெட்டிதான். பேட்டரிகளுக்கு அடியில் செருகிப் பூட்டினேன். பயம் என்று சொன்னால் பாதிதான் சரி. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, என் தமிழ் ஒருத்தியைக் கொன்றது என்று ஊர் சொல்லுமே என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அதிகாரி வந்தார். பின்னால் துரை, நான், மருத்துவிச்சி அம்மா, அந்த மனிதர். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். அவர் துளையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், தகரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். தெளிவாகத்தானே இருக்கிறது என்றார். அப்போது மருத்துவிச்சி அம்மா குனிந்து, ஏதோ தூசி தட்டுவதுபோல, அந்தத் தகரத்தில் ஆள்காட்டி விரலை வைத்து எடுத்தார். விரல் நுனி கறுத்திருந்தது. மூடுபனியில் அந்தப் பெயிண்ட் காய இரண்டு நாள் வேண்டும். ஸ்டோர் கிளாக்கருக்குத் தெரியாததல்ல. விரலைச் சேலையின் உள்மடிப்பில் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "பெயிண்ட் இன்னும் காயலைங்க, ஐயா," என்றார்.

அந்த மனிதரைக் கேட்டார்கள். அவர் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்து அசைந்து எழுத்துக்கூட்டுவது தெரிந்தது. இந்தத் தடவை கடைசிவரை கூட்டிவிட்டார். "நேத்து அடைக்கன்னுதாங்க இருந்துச்சு. வெரல வச்சுத்தாங்க படிச்சேன்," என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். அவர் எழுத்தறிவு குறைந்தவர், அறிவிப்பைத் தவறாகப் படித்துவிட்டதாகக் கூறுகிறார் என்று சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த மருத்துவிச்சி அம்மாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். அவர் இப்போது வாயைத் திறப்பார் என்று அதிகாரியின் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகாரி அவரிடம், முதல் நாளும் இங்கே பலகை இருந்ததா என்று கேட்டார். "பலகை இருந்துச்சுங்க," என்றார். அந்த மனிதர் தன் வலது கையின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து, பேட்டரிகளை இறக்கும் சாக்கில் பெட்டியைத் திறந்தேன். தகரம் இல்லை. அன்று சாயங்காலம் மருத்துவிச்சி அம்மா ஆபீஸ் சன்னலுக்கு வந்தார். சுவர்த் துளையை மூடிவிட்டு, பாஸ் முதலில் சொன்னதுபோல அடுப்புக்குக் கீழே தரையில் துளை போட வேண்டும், கதவின் அடியில் கம்பி வைத்து நிரந்தரமாகக் காற்று விட வேண்டும், இனிமேல் லாரியில் எது எழுதினாலும் தனக்குப் படித்துக் காட்டிவிட்டு எழுத வேண்டும் என்றார். மூன்றையும் ஒரு படிவமும் கேட்காமல் செய்து கொடுத்தேன். தகரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்த லாரியில் யாரும் சாகவில்லை. ஒவ்வொரு முறை அவர் சன்னலுக்கு வரும்போதும் இன்றைக்குத்தான் கேட்கப்போகிறார் என்று காத்திருப்பேன். அவர் கேட்பதெல்லாம் பஞ்சும் டெட்டாலும் கரியும்தான்.

ஆறாவது வருடம் வேறு தோட்டத்துக்குப் போனார். புறப்படுகிற அன்று ஒரு சாவியைச் சன்னல் விளிம்பில் வைத்தார். "இது ஆபீஸ் சாவி இல்லைங்க. பாஸ் செஞ்சு குடுத்தது. இருந்தாலும் ஒப்படைச்சிடுறேன்," என்றார். பேட்டரிப் பெட்டிச் சாவி. தகரத்தை எடுத்தது யார் என்ற சந்தேகம் அத்துடன் தீர்ந்தது. அதைத் தன்னுடனே கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். சொல்ல வந்த வாக்கியம் அறிவிப்புப் பலகைக்கு ஏற்றதாகவே மனத்தில் உருவானது. அவர் பஸ் ஏறப் போய்விட்டார்.

அடுத்த சில மாதங்களில், இந்தியாவுக்குப் போகப் பதிந்திருந்தவர்களில் சிலருக்குப் பயணம் சரியாயிற்று. தோட்டத்தை விட்டுப் போகிறவர்கள் தோட்டத்துச் சாமான்களை ஒப்படைத்து என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த வரிசையில், மனைவியை லாரியில் இழந்த அந்த மனிதரும் வந்தார். கவாத்துக் கத்தி, மண் கிளறும் முள்ளு, மண்வெட்டி மூன்றையும் மேசையில் வைத்தார். நான் ஒவ்வொன்றாகக் குறித்தேன். பிறகு பையிலிருந்து பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தார். பிரிக்காமலே தெரிந்துவிட்டது.

"மருத்துவிச்சி அம்மா அப்பவே எடுத்தாந்து காட்டிட்டாங்க, ஐயா," என்றார். "எளவு முடிஞ்ச மூணாம் நாளு. நீ சரியாத்தான் படிச்சேடா, எழுதுனதுதான் சரியில்லைன்னாங்க. அதுக்கப்புறம்தாங்க சோறு எறங்குச்சு."

ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அம்மாதான் கேட்டாங்க, சொன்னா கிளாக்கர் போவாரு, கூடவே லாரியும் போயிரும், உனக்கு எது வேணும்னு. எங்க அக்கா மவளுக்கு அந்த மாசம் புள்ள பெக்குற நாளு இருந்துச்சுங்க." பேப்பர் சுற்றியதை என் பக்கம் தள்ளினார். "இது ஸ்டோர் சாமானுங்க. ஒப்படைச்சிட்டேன். கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பட்டியலில் மூன்று சாமான்களுக்குத்தான் இடம் இருந்தது. நாலாவதை எழுதவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது, அடுத்தவர் கத்தியை நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். சன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். விசாரணைக் கோப்பில் அவர் இன்றைக்கும் எழுத்தறிவு குறைந்தவர்தான். என் கையெழுத்தில் அது உறுதிசெய்யப்பட்டிருக்கிறது.

மருத்துவிச்சி அம்மா இப்போது இல்லை. எனக்கு அதைச் சொன்னவர்கள், அவருக்கு எத்தனை பேர் பிள்ளைகள் என்ற முறையில் வந்து அழுதார்கள் என்று விரிவாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் கடன்பட்டவன் நான், அழுகிறவர்கள் வரிசையில் நிற்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். இதுவும் ஒரு விதி, நானே உண்டாக்கியது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது என் மேல் இரக்கப்பட்டு அல்ல. கணக்கில் நான் ஒரு பொருட்டாகவே இல்லை. மழை வரப்போகிறது, மேலே பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு லாரி வேண்டும். அதற்கு நடுவே ஒரு கிளாக்கர் இருந்தால் என்ன, போனால் என்ன? இதைப் புரிந்துகொள்ள நான் ஓய்வுபெற வேண்டியிருந்தது.

போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள் பத்திரிகை இரவல் வாங்க வந்தவள், மேசைமேல் இருந்த தகரத்தை எடுத்து வாசித்தாள். பட்டம் பெற்ற பெண், பள்ளிக்கூடத்தில் தமிழ்தான் படிப்பிக்கிறாள். "என்ன ஓட்டைங்க ஐயா, எக்காரணம் கொண்டும் அடைக்கச் சொல்லியிருக்கு?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். பேட்டரிப் பெட்டிக்குள் இருந்த நாட்களில் ஆசிட் தின்ற மூலை, நான் வலது ஓரத்துக்குத் தள்ளி எழுதிய சொல்லின் கடைசி இரண்டு எழுத்து இருந்த மூலை. மிச்சத்தில் ஒரு கீறல் இல்லை. பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருக்கிறது.